கிழங்குத் தோட்டத்தில் உறைபனி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சில ஆண்டுகளாக இந்தோனேசியாவில் பாண்டுங் நகருக்கு அருகே ஒரு நெசவாலையில் பணிபுரிந்து வருகிறேன். எங்கள் ஆலையில் ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் உதவிச் சங்கம் ஒன்று உண்டு. நிலநடுக்கம், வெள்ளம் என்று எங்காவது துயரம் நேர்ந்தால் பணம் திரட்டி அனுப்புவோம். 2023இல் பப்புவாவின் மலைப்பகுதியில் சிலர் பசியால் இறந்தார்கள் என்ற செய்தி வந்தபோது சங்கத்தில் எழுந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

படங்களில் அந்த மலைகள் பச்சைப் பசேலென்று இருக்கின்றன. அங்கே பட்டினி எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. ஜாவாக்காரரான என் மேலாளர், "அவர்களுக்குக் கிழங்கைத் தவிர வேறொன்றும் பயிரிடத் தெரியாது, சேமித்து வைக்கவும் தெரியாது. கீழே கொண்டுவந்து நெல் பயிரிடக் கற்றுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். நம் ஊர்க்காரரான இன்னொரு நண்பரோ, "வெளியுலகத்தின் கை படும்வரை அவர்கள் நிம்மதியாகத்தான் இருந்தார்கள், அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதே நாம் செய்யக்கூடிய பெரிய உதவி" என்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். மறுபடி இப்படி நேர்ந்தால் அனுப்புவதற்கென்று சங்கம் ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறது. அரிசி மூட்டைகளாக அனுப்பலாம் என்பது பெரும்பாலோர் எண்ணம். அது சரியான உதவிதானா என்பதையும் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

அன்புடன்,
எஸ்.
பாண்டுங்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மேலாளரும் நண்பரும் எதிரெதிரே நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்கள் ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் படுகிறது. அந்த மலைமக்கள் காலத்துக்கு வெளியே எங்கோ வாழ்கிறார்கள், அங்கே நமக்குத் தெரிந்த வகையிலான அறிவோ அரசியலோ கிடையாது என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவருக்கு அது குறையாகத் தெரிகிறது, மற்றவருக்கு அது வரமாகத் தெரிகிறது. 2023இல் நடந்ததை அதன் காரணங்களோடு பார்த்தால் இரண்டு பார்வைகளுமே நிற்காது என்பது என் எண்ணம். நான் அந்த ஊர்களுக்குச் சென்றதில்லை. அப்பகுதியைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருவதன் பலத்தில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் நிகழ்வு மத்திய பப்புவா மாகாணத்தின் புஞ்சாக் மாவட்டத்தில், அகண்டுகுமே, லம்பேவி என்ற இரண்டு வட்டங்களில் நடந்தது. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மழை பொய்த்தது, உறைபனி விழுந்தது, தோட்டங்கள் அழிந்தன. ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தனர் என்றும், ஏறத்தாழ 7,500 பேர் பாதிக்கப்பட்டனர் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து நான்கு பாகை தெற்கே உள்ள ஊரில் உறைபனி என்றால் வியப்பாக இருக்கும். அதன் பின்னால் இருப்பது எளிய கணக்குதான். சாதாரண ஆண்டுகளில் அந்த மலைகளின்மீது இரவெல்லாம் மேகம் கவிந்திருக்கும். பகலில் மண் வாங்கிய சூட்டை அந்த மேகம் வெளியேற விடாது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறி இப்பகுதியில் மழை குறையும் எல் நினோ ஆண்டுகளில் மேகம் இல்லாமல் வானம் துலக்கமாகிவிடும். இரவில் மண்ணின் சூடு தடையின்றி மேலேறிப் போய்விடும். குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டருக்கு மேல் உள்ள பள்ளத்தாக்குகளில், இப்படிப்பட்ட ஓரிரண்டு இரவுகளிலேயே தோட்டம் முழுவதும் கருகிவிடும். அந்தப் பாழ் வெயிலிலும் சுற்றியுள்ள காடு பச்சையாகவேதான் நிற்கும். நீங்கள் படத்தில் பார்க்கும் பச்சை பெரும்பாலும் அந்தக் காட்டின் பச்சை, அதை உண்ண முடியாது.

இனி கிழங்கு. உங்கள் மேலாளர் ஏளனமாகச் சொன்ன அந்தச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த மலைகளின் வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பப்புவாவும் அடங்கிய நியூ கினித் தீவின் மலைகளில் வேளாண்மை மிகப் பழையது. தீவின் கிழக்குப் பாதியில், இன்றைய பப்புவா நியூ கினி நாட்டில் உள்ள கூக் என்ற சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணை மேடாக்கிச் சேம்பும் வாழையும் பயிரிட்டிருக்கிறார்கள் என்பதற்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. 2008இல் அதை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அது இந்தத் தீவுக்கு வந்து சில நூறு ஆண்டுகளே ஆகின்றன. சேம்பு விளையாத உயரத்திலும், சத்துக் குறைந்த மண்ணிலும் அது விளைந்தது. பன்றிகளுக்கும் அதையே தீனியாகக் கொடுக்க முடிந்தது. எனவே மக்கள் முன்பைவிட உயரத்தில் குடியேறினார்கள், பன்றிகளும் பெருகின. அந்த உயரங்களில் ஊர்கள் இருப்பதற்கே காரணமான இப்பயிர், அந்த உயரத்துக்கே உரிய உறைபனியை மட்டும் தாங்காது. அங்குள்ள வாழ்வின் அடிப்படைச் சிக்கல் இதுதான். வேறு எதைப் பேசினாலும் இதை ஒட்டித்தான் பேச முடியும்.

1938 ஜூன் மாதத்தில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஆர்ச்போல்டின் ஆய்வுக் குழு கடல்விமானத்தில் பறந்து சென்றபோது, பப்புவா மலைகளின் நடுவே உள்ள பலியம் பள்ளத்தாக்கை முதன்முதலாக மேலிருந்து கண்டது. மனிதர் இல்லாத காடு என்று வரைபடத்தில் விடப்பட்டிருந்த இடத்தில் வேலிகளும் வாய்க்கால்களும் சதுரஞ்சதுரமான தோட்டங்களும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அங்கே குறைந்தது 60,000 பேர் வாழக்கூடும் என்று அக்குழு மதிப்பிட்டது. அந்த வாய்க்கால்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். கனமழைக் காலத்தில் அவை தண்ணீரை வடிக்கின்றன. வறண்ட காலத்தில் ஈரத்தைத் தேக்குகின்றன. அவற்றின் அடியில் படியும் சேற்றை அப்பள்ளத்தாக்கில் வாழும் தானி மக்கள் அள்ளித் தோட்ட மேடுகளின் மேல் பூசுகிறார்கள், அதுவே எரு. பயிரிட்டுக் களைத்த நிலத்தைத் தரிசாக விடும்போது அங்கே சவுக்கு இனத்து மரங்களை நட்டு வளர்க்கிறார்கள், அவை மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன, வெட்டினால் விறகும் வேலிக்கம்பும் கிடைக்கின்றன. நிலத்தைத் திருத்துவதும் வாய்க்கால் வெட்டுவதும் வேலி கட்டுவதும் ஆண்கள் வேலை. நடுவதும் களையெடுப்பதும் கிழங்கு தோண்டுவதும், தோண்டியதை நோக்கென் என்னும் முடிச்சுப் பையில் இட்டு நெற்றியிலிருந்து முதுகில் தொங்கவிட்டு வீடு கொண்டுவருவதும் பெண்கள் வேலை. கிழங்கில் எத்தனையோ வகைகள் உண்டு. குழந்தைக்கு எது, பன்றிக்கு எது, விருந்துக்கு எது, ஈரமண்ணுக்கு எது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிரித்தறிவது அந்தப் பெண்களின் கல்வி. இந்த வேளாண்மையை அறியாமை என்று சொல்பவர் ஒரே ஒரு பருவம் அந்த மண்ணில் பயிர்செய்து பார்க்க வேண்டும்.

"சேமிக்கத் தெரியாது" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நெல்லைப்போலக் கிழங்கைக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. அந்த ஈரக் காற்றில் தோண்டிய கிழங்கு சில வாரங்களுக்குமேல் தாங்காது. ஆகவே தோண்டாமல் மண்ணிலேயே விட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுப்பதுதான் முறை. தோட்டமே களஞ்சியம். ஒரு தோட்டம் முடியும் தறுவாயில் அடுத்தது முற்றியிருக்கும்படி வெவ்வேறு காலங்களில் நடுவார்கள். உறைபனி விழும்போது இந்த ஏற்பாடு மொத்தமாகக் குலைகிறது. முற்றியது, இளசு, நேற்று நட்டது எல்லாவற்றுக்கும் கொடி ஒரே இரவில் கருகிவிடும். கொடி கருகியபின் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைச் சிறிது காலம் தோண்டித் தின்னலாம். வறட்சி முடிந்து மழை வந்ததும் அது அழுகத் தொடங்கிவிடும். புதிதாக நட்டாலோ, பலியத்தில் ஐந்தாறு மாதத்தில் விளைவது அந்த உயரத்தில் எட்டு மாதம், பத்து மாதம் என்று இழுக்கும். ஆக, பசி உச்சத்தை எட்டுவது பனி விழுந்த வாரத்தில் அல்ல, மழை திரும்பி, மலை மறுபடி பச்சையாகி, தொலைக்காட்சிக்காரர்கள் திரும்பிப் போன பிறகுதான்.

இந்த ஆபத்தை அம்மக்கள் அறியாதவர்கள் அல்லர். எல்லைக்கு அப்பால் பப்புவா நியூ கினியின் எங்கா மக்கள் தழைகளை உள்ளே இட்டு மூடிய பெரிய வட்ட மேடுகளை எழுப்பி அவற்றின்மீது கொடியை நடுகிறார்கள். தழை மக்கும்போது எழும் சூடு வேரைக் காக்கிறது. குளிர்காற்று மேட்டிலிருந்து வழிந்து கீழே போய்விடுகிறது. ஒரே குடும்பத்துக்குப் பள்ளத்திலும் சரிவிலும் தனித்தனித் தோட்டங்கள் இருக்கும். பன்றிகள் இருக்கும், அவை செல்வம், மணக்கொடை, பகைதீர்க்கும் ஈடு, தேவைப்படும்போது உணவு. எல்லாவற்றுக்கும் மேலாக உறவு இருக்கும். கடும் உறைபனி விழுந்த ஆண்டுகளில் எங்கா மக்கள் ஊரைப் பூட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் நடந்து, பனி விழாத கீழ்ப்பள்ளத்தாக்குகளில் உள்ள சம்பந்திகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே அவர்களுடைய தோட்டத்தில் உழைத்து, உண்டு, மேலே மண் தேறியதும் நடுவதற்குக் கொடித் துண்டுகளைச் சுமந்துகொண்டு திரும்புவார்கள். எந்த மலையிலிருந்து பெண் எடுப்பது, எந்தப் பள்ளத்தாக்குக்குப் பெண் கொடுப்பது என்பதிலேயே இந்தக் காப்பு அடங்கியிருந்தது. 1972இல் அங்கே கடும் உறைபனி வந்தபோது ஆஸ்திரேலிய நிர்வாகம் ஊர்களுக்கே உணவு கொண்டுபோய்க் கொடுத்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான், பலர் பிழைத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நடந்துபோய் உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே தளர்ந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் சங்கத்தார் அரிசியைப் பற்றி முடிவெடுக்கும்முன் இதைப் படிப்பது நல்லது.

அப்படியானால் 2023இல் அகண்டுகுமே மக்கள் ஏன் இறந்தார்கள்? இங்கேதான் உங்கள் மேலாளரும் நண்பரும் பேசாத அரசியல் வருகிறது. நெதர்லாந்திடமிருந்து 1963இல் இந்தோனேசியாவின் நிர்வாகத்துக்கு வந்த இப்பகுதி, 1969இல் ஆயிரத்துச் சொச்சம் பிரதிநிதிகளை மட்டும் கூட்டி நடத்தப்பட்ட ஒரு "விருப்பத் தேர்வின்" வழியாக அந்நாட்டுடன் இணைக்கப்பட்டது. 1960களின் நடுவில் தொடங்கிய, விடுதலைக்கான ஆயுதப் போராட்டம் மலைப்பகுதியில் இன்றும் ஓயவில்லை. 2018 டிசம்பரில் ந்டுகா மாவட்டத்தில் சாலைப் பணியாளர்களை ஆயுதக் குழுவினர் கொன்றனர். அதைத் தொடர்ந்த இராணுவ நடவடிக்கையில் ஊர் ஊராக மக்கள் காட்டுக்கும் வமேனா நகருக்கும் ஓடினர். 2021 ஏப்ரலில் புஞ்சாக் மாவட்டத்தின் பேயோகாவில் உளவுத்துறையின் பப்புவாத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டபின் அந்த மாவட்டத்திலும் அதுவே நடந்தது. 2018 முதல் இடம்பெயர்ந்தோர் தொகை 60,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு வல்லுநர்கள் 2022 மார்ச்சில் கூறினர். மலைப்பாதையில் நடப்பவர் எவரையும் இரு தரப்பும் ஐயத்தோடு பார்க்கும் நாட்டில், பட்டினிக்காலத்தில் கீழ்ப்பள்ளத்தாக்குக்கு நடந்துபோவது என்ற பழைய மருந்து எவ்வளவு தூரம் வேலைசெய்யும்? அந்தக் கீழ்ப்பள்ளத்தாக்கில் உறவினர் வீட்டில் ஏற்கெனவே ஓடிவந்தவர்கள் தங்கியிருந்தால் எத்தனை பேருக்குக் கிழங்கு காணும்? உறைபனி 1997இலும் 2015இலும் வந்தது. 1997-98இல் அன்றைய ஜெயவிஜயா மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். எனவே போர் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பனியிலிருந்து தப்புவதற்கு இருந்த வழியைப் போர் அடைத்துவிட்டது என்றே கருதுகிறேன்.

உதவிப்பொருளும் அதே வழியில்தான் சிக்கியது. அகண்டுகுமேக்குப் பறக்கப் பாதுகாப்பு அச்சத்தால் விமானங்கள் தயங்கின. சினாக் என்ற ஊர்வரை பொருளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கிருந்து மலைப்பாதையில் சுமந்துதான் போக வேண்டும். பசியால் தளர்ந்தவர்களில் கால் வலுவுள்ளவர்கள் சினாக்குக்கு வந்து வாங்கிப்போனார்கள். அந்த மலைகளின் ஓடுதளங்கள் பலவும் சரிவில் வெட்டப்பட்டவை. சிறு விமானம் மேட்டைப் பார்த்து இறங்கும், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்பும். காலையில் சில மணி நேரம் மட்டுமே பறக்கலாம், நண்பகலுக்குள் மேகம் கணவாய்களை மூடிவிடும். ஏறுபவரையும் அவர் மூட்டையையும் சேர்த்து எடைபோட்டுத்தான் ஏற்றுவார்கள். உப்பு, சவர்க்காரம், மருந்து, பாடநூல், கூரைத் தகடு எல்லாமே இப்படித்தான் வரும். மலையூர்களில் ஒரு லிட்டர் பெட்ரோல் 50,000 ரூப்பியாவைத் தாண்டி விற்றது. 2016 அக்டோபரில் அதிபர் ஜோகோ விடோடோ யாஹுகிமோ மாவட்டத்துக்கு வந்து, நாட்டின் பிற பகுதிகளில் அப்போது விற்ற 6,450 ரூப்பியாவுக்கே இங்கும் விற்கப்படும் என்று அறிவித்தார். அந்த விலை, பெட்ரோல் நிலையங்கள் இருக்கும் ஊர்களுக்குப் பயன்பட்டது. அங்கிருந்து இரண்டு நாள் நடைத்தொலைவில் இருப்பவருக்கு அது செய்தியாக மட்டும் வந்தது.

மலை என்றால் அப்படித்தான், யாரால் என்ன செய்ய முடியும் என்று உங்கள் மேலாளர் கேட்கலாம். அதே மத்திய பப்புவா மாகாணத்தில், அதே மலைத்தொடரில், 4,000 மீட்டருக்குமேல் உலகின் மிகப் பெரிய தங்க, செம்புச் சுரங்கங்களுள் ஒன்றான கிராஸ்பெர்க் இருக்கிறது. அதற்கு முன்னோடியான எர்ட்ஸ்பெர்க் சுரங்கத்துக்காகக் கடற்கரையிலிருந்து மலைக்குச் சாலையும், கனிமத்தை இறக்கக் கம்பிவட ஊர்தியும் 1970களின் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டுவிட்டன. எனவே தொலைவு என்பதை நான் நிலவியல் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. எதை மேலே கொண்டுபோக வேண்டும், எதைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று யாரோ தீர்மானித்ததன் விளைவு அது. படைவீரர் போய்ச் சேர்கிறார், வாக்குப்பெட்டி போய்ச் சேர்கிறது, ஊராட்சிக்கான பணமும் ஏட்டளவில் சேர்கிறது. ஆசிரியரும் செவிலியரும்தான் சேர்வதில்லை. 2010களின் தொடக்கத்தில் யுனிசெஃப் துணையுடன் நடந்த ஓர் ஆய்வு, பப்புவாவில் ஆசிரியர்களில் மூவரில் ஒருவர் பள்ளியில் இல்லை என்று கண்டது. மலையூர்களில் நிலைமை அதைவிட மோசம். 2002இலும் 2008இலும் மாவட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் புதிய மாவட்டங்கள் அமைத்தார்கள், 2022இல் மாகாணத்தையே பிரித்தார்கள். ஆனால் அதிகாரிகளில் பலர் இன்றும் தங்கள் ஊரைவிட்டு வமேனா, ஜெயபுரா போன்ற நகரங்களில்தான் வாழ்கிறார்கள்.

அரிசியின் கதையும் இதில் சேர்ந்ததே. இந்தோனேசிய நிர்வாகத்தோடு அரிசி மலையேறியது. அரசு ஊழியருக்குப் படியாகவும் ஏழைகளுக்கு மலிவு விலையிலும் வந்தது. உப்புபோல, இரும்புக் கோடரிபோல அதுவும் விரும்பப்படும் பொருளானது, நகர வாழ்வின் அடையாளமானது. பலியம் பள்ளத்தாக்கின் சமவெளியில் நெல் பயிரிட்டும் இருக்கிறார்கள். ஆனால் உறைபனி விழும் உயரத்தில் நெல் விளையாது. ஆகவே மேலாளர் சொல்லும் திட்டத்துக்கு மக்களை இறக்கியாக வேண்டும். இறக்கினால் இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன. முதலாவது மலேரியா. மலையுச்சிகளில் அது அரிது, அங்கே பிறந்தவரின் உடலுக்கு அதைத் தாங்கும் பழக்கம் இல்லை. தாழ்நிலத்தில் குடியமர்த்தப்பட்ட மலைமக்கள் அதற்கே பலியான முன்னுதாரணங்கள் உண்டு. இரண்டாவது, கீழே காலி நிலம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஆற்றங்கரையும் உணவு மாவு தரும் ஒவ்வொரு சேகோப் பனைக் காடும் ஏதோ ஒரு குலத்துக்கு உரியது. வந்தேறியவர் அங்கே வயல் வெட்டத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் நண்பருக்கும் சில வரிகள். தொடப்படாத மக்கள் என்ற கற்பனை அழகானது, ஆனால் அதற்கு ஏற்ற மக்கள் அங்கே இல்லை. 1954இலேயே மதப்பணியாளர்கள் பலியத்தில் விமானத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். இன்று கிறித்தவத் தேவாலயம் இல்லாத மலையூர் அரிது. அந்த ஊர்களின் பிள்ளைகள் ஜெயபுராவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். நிம்மதி என்று அவர் நினைப்பதன் உள்ளே இருந்தவற்றையும் பார்க்க வேண்டும். ஹோனாய் என்னும் வட்டக் குடிலில் சன்னல் கிடையாது. நடுவே எரியும் தீதான் இரவுக் குளிருக்குக் காப்பு. அந்தப் புகையை வாழ்நாள் முழுவதும் மூச்சோடு இழுத்து நெஞ்சு நோயில் வாடுபவர்கள் ஏராளம். கிழங்கில் புரதம் மிகக் குறைவு, பன்றிக்கறியோ சடங்குகளுக்கும் விருந்துகளுக்குமே கிடைக்கும், குழந்தைகள் வளர்ச்சி குன்றுகிறார்கள். பிரசவம் சிக்கலானால் அடுத்த விமானம் வரும்வரை தாய் உயிரோடு இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் "அவர்கள் போக்கு" என்று சொல்லி விலகிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவருடைய ஐயத்தில் ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்த கைகள் செய்த கேடுகள் சிறியவை அல்ல. 1970களின் தொடக்கத்தில் அரசு "கோதேகா நடவடிக்கை" என்று பெயரிட்டு, ஆண்கள் அணியும் சுரைக்குடுக்கை உறையைக் கழற்றிவிட்டுத் துணி உடுத்தச் செய்ய முயன்றது. மாற்றுத்துணியும் சவர்க்காரமும் இல்லாத இடத்தில் உடலிலேயே கிடந்து அழுக்கேறிய உடை தோல் நோயைத்தான் கொடுத்தது. அதே காலத்தில் பாணியாய் ஏரிப்பகுதிக்குப் பாலித் தீவிலிருந்து பன்றிகள் அரசின் அன்பளிப்பாக வந்தன. அவற்றோடு நாடாப்புழுவும் வந்தது. அதன் முட்டைகள் உடலுக்குள் போய் மூளையில் தங்கும்போது வலிப்பு உண்டாகும். சில ஆண்டுகளில் அங்குள்ள ஏனரோத்தாலி மருத்துவமனைக்குக் கடும் தீக்காயங்களோடு மக்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். இரவில் தீயருகே உறங்கியவர்கள் வலிப்பு வந்து அந்தத் தீக்குள்ளேயே உருண்டிருந்தார்கள். அதுவரை அந்நோயையே அறியாத, அந்த ஏரிப்பகுதியில் வாழும் "மே" இனத்தவர் அவர்கள். கொடுப்பவர் வாங்குபவரின் வீட்டு அமைப்பையும் உறக்கத்தையும் சமையலையும் அறியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்றை நான் படித்ததில்லை.

எனினும் இதிலிருந்து "ஒன்றும் கொடுக்காதே" என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். 2021 செப்டம்பரில் பெகுனுங்கான் பிந்தாங் மாவட்டத்தின் கிவிரோக் ஊரில் ஆயுதக் குழுவினர் சுகாதார நிலையத்தைத் தாக்கியபோது ஓர் இளம் செவிலியர் உயிரிழந்தார். மற்ற ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடக்கூட ஆளில்லாமல் போனது. விடுதலையின் பெயரால் செய்யப்பட்டாலும் அது அம்மக்களுக்கே இழைக்கப்பட்ட தீங்குதான். இராணுவம் ஊர்களில் செய்ததைக் கண்டிக்கும் உரிமை இதைச் சொல்பவனுக்குத்தான் உண்டு என்று நினைக்கிறேன்.

கடைசியாக உங்கள் சங்கத்தின் பணத்தைப் பற்றி. பனி விழுந்த முதல் சில வாரங்களுக்கு அரிசியை அனுப்புவதில் தவறில்லை. அது கெடாது, எடைக்கு ஏற்ற உணவு, உடனே சமைக்கலாம், குழந்தைகளுக்கென்று பயறும் எண்ணெயும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் முழுத் தொகையையும் அதிலேயே போட்டுவிடாதீர்கள். மழை திரும்பிய பிறகு அந்த ஊர்களில் அரிசியைவிட அருமையாகிவிடுவது நடுவதற்கான கொடிதான். பழைய கொடி முழுவதும் கருகியிருக்கும். கீழே போய்ச் சுமந்து வருவதற்குப் பாதை பாதுகாப்பாக இருக்காது. வெட்டிய கொடித்துண்டு ஒரு வாரத்துக்குமேல் உயிரோடு இருக்காது, ஆகவே நாள்கணக்கான நடையைவிட அரைமணி விமானப் பயணமே அதற்கு ஏற்றது. அந்த விமானக் கட்டணத்துக்குத்தான் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. எந்தக் கொடியை வாங்குவது என்பதை வேளாண் அலுவலகமோ நீங்களோ நானோ தீர்மானிக்க வேண்டாம். பலியத்தில் நன்றாக விளையும் வகை அந்த உயரத்தில் கிழங்கே வைக்காமல் போகலாம். பாதிக்கப்பட்ட ஊரின் பெண்களில் இரண்டு பேரை அதே விமானத்தில் கீழே அழைத்துவந்து, அவர்களே தோட்டம் தோட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். கிங்மி போன்ற மலைத் திருச்சபைகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் ஆள் உண்டு, யார் வர வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள். கிழங்கு விளையும்வரை இடைக்காலத்துக்கு மூன்று நான்கு மாதத்தில் பலன் தரும் உருளைக்கிழங்கு விதையும் உதவும். எல் நினோ வருவது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, எனவே திருச்சபையோடும் விமான நிறுவனத்தோடும் பேசிவைப்பதற்கு உறைபனிச் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்.